லூர்தம்மாவுக்கு நான் எழுதிய கடிதம்

1. கவுண்டருக்கு வந்தவர்

அவர் லாப் கவுண்டருக்கு வந்தபோது காலை பத்து மணி இருக்கும். ரயில்வேக் காக்கிச் சட்டை, கையில் நாலாக மடித்த ஒரு கடிதம். கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை, ரிப்போட் எடுக்க வந்தவராக்கும் என்று நினைத்துத் துண்டைக் கேட்டாள். அவரிடம் துண்டு இல்லை.

"இதத் தமிழ்ல எழுதுனது யாருங்க?" என்று கேட்டார்.

அவளுக்கு விளங்கவில்லை. தமிழ் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பி என்னைக் கூப்பிட்டாள். நான் மைக்ரோஸ்கோப்பை அணைத்துவிட்டு எழுந்து போனேன்.

"நான்தான் எழுதினனான். என்ன விசயம்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடிதத்தைக் கவுண்டர்மேல் விரித்து, ஒரு வரியின் கீழே விரலை வைத்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு ஏறியிருந்தது.

"இந்த நோய் என் சம்சாரத்துக்கு எந்த வருசம் வந்துச்சுன்னு சொல்லுங்க. அது போதும்."

விரல் இருந்த வரி இதுதான்: 'உங்கள் கர்ப்பப்பை வாயில், பாலுறவு மூலம் தொற்றும் வைரஸினால் ஏற்பட்ட மாற்றங்கள் காணப்படுகின்றன.' கையெழுத்து என்னுடையது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. எழுதி முடித்தபோது நல்ல தமிழில் எழுதிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கண்டியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி லாபில் நான் சைட்டோ ஸ்கிரீனராக இருந்தேன். பெண்களின் கர்ப்பப்பை வாயில் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்த செல்களைக் கண்ணாடிச் சிலைட்டில் பூசி எங்களுக்கு அனுப்புவார்கள். அதுதான் பாப் ஸ்மியர். நாங்கள் அதற்கு நிறமூட்டி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, வயலில் ஏர் போவதுபோல ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்துக்கொண்டு போக வேண்டும். சந்தேகமான செல் கண்ணில் பட்டால் அந்த இடத்தில் மைப்புள்ளி வைத்துப் பெரிய டாக்டரிடம் கொடுக்க வேண்டும். முடிவு எழுதுவது அவர்.

முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்கள் நோய் வரும்முன்னே வந்து சோதித்துக்கொள்வதற்காகச் சுகவனிதையர் கிளினிக் என்று அப்போதுதான் ஊர் ஊராகத் தொடங்கியிருந்தார்கள். ரிப்போட் ஆங்கிலத்தில் இருக்கும். பெண்களைக் கூப்பிடும் கடிதம் சிங்களத்தில் போகும். தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஸ்மியர் வரத் தொடங்கியதும் தமிழில் எழுத ஆள் தேவைப்பட்டது. அந்தக் கட்டடத்தில் தமிழன் நான் ஒருவன்தான். யாழ்ப்பாணத்தான் என்பதால் தமிழ் நன்றாக வரும் என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். நானும் ரிப்போட்டில் இருந்ததை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து அனுப்பினேன்.

கவுண்டரில் நின்றவரின் பெயர் ஆரோக்கியம். நாவலப்பிட்டி ரயில்வே ஷெட்டில் என்ஜின் பழுதுபார்க்கும் பிட்டர். மனைவி லூர்தம்மா பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

லூர்தம்மாவின் சிலைட் எனக்கு நன்றாக நினைவிருந்தது. சில செல்களில் கருவைச் சுற்றி, றப்பரால் அழித்துவிட்டதுபோல வெறுமையான ஒரு வளையம். அந்த வைரஸ் புகுந்த செல் அப்படித்தான் இருக்கும். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வேறு செல்களில் கரு பெருத்து, கறுத்து, ஓரம் சுருங்கிப்போயிருந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டுவைத்தால் அந்தப் பக்கம் போகக்கூடியது. நான் அந்தச் சிலைட்டில் ஆறு புள்ளி வைத்திருந்தேன்.

"அம்மா கிளினிக்குக்குப் போனவவோ?" என்று கேட்டேன்.

"எங்க போறது. கடுதாசி வந்து மூணு வாரமாச்சு. பிள்ளைக் காம்பராவுக்குப் போறா, வாரா. கோயிலுக்குக்கூடப் போறதில்ல. என்கூடப் பேச்சே இல்ல."

"கடிதத்தை முதல்ல படிச்சது ஆர்?"

"தோட்டத்து ஆபீஸ்ல யாரோ பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுத்தாங்க. பின் அடிச்ச கடுதாசிதானே. லயத்து வீடுகள்ல பாதிப் பேருக்குத் தெரியும்."

லூர்தம்மாவுக்குக் கொடுத்திருந்த திகதி கடந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரை வராந்தாக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன்.

2. பெரிய டாக்டர் சொன்னது

பெரிய டாக்டர் ஐம்பது தாண்டிய சிங்களப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். அவர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கும்போது கதவைத் தட்டுவதற்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். அன்று நான் தட்டினேன். விசயத்தைச் சொல்லிக் கடிதத்தைக் காட்டினேன். தமிழ் வாசிக்கத் தெரியாததால் வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்.

கேட்டு முடித்துவிட்டு, "நான் எழுதியதை மாற்றாமல் எழுதியிருக்கிறீர்," என்றார்.

"ஓம் டாக்டர்."

"அதுதான் பிழை. நான் எழுதியது இன்னொரு டாக்டருக்கு."

எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் என்னை உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இந்த வைரஸ் யாருக்கு வரும் என்று நினைக்கிறீர்?"

உண்மையைச் சொன்னால், எனக்குள்ளும் ஒரு நினைப்பு இருந்தது. ஐந்து வருடமாக அந்த வளையத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம், இந்தப் பெண் அல்லது இவள் புருசன் எங்கோ தடம் மாறியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் ஒரு மூலையில் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். மெதுவாக விளக்கினார். தாம்பத்தியம் உள்ள ஆணிலும் பெண்ணிலும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு நேரம் இது வந்துதான் போகிறது. தடிமன், சளி மாதிரி அவ்வளவு சாதாரணம். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்தவர்களுக்கும் வரும். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அனேகம் பேரின் உடம்பு ஒன்று இரண்டு வருடத்தில் தானே அதை விரட்டிவிடும். இதில் பல வகை உண்டு. சில வகை மருவை உண்டாக்கும், அது புற்றுநோய் ஆகாது. வேறு சில வகை, சிலருடைய உடம்பில் போகாமல் தங்கிவிடும். தங்கினால் பத்து, பதினைந்து வருடத்தில் கர்ப்பப்பை வாயின் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். அந்த நீண்ட காலம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ஸ்மியர் எடுப்பது அதற்காகத்தான்.

"எந்த வருசம் வந்தது என்று அவர் கேட்கிறார் டாக்டர்."

"சொல்ல முடியாது. யாரிடமிருந்து யாருக்கு என்றும் சொல்ல முடியாது. போன வருசமாக இருக்கலாம், கலியாணம் கட்டிய வருசமாகவும் இருக்கலாம். அவருக்கே இருந்து அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எந்த டெஸ்ட்டும் அதைக் காட்டாது. அதை அவரிடம் போய்ச் சொல்லும்." பிறகு சேர்த்துச் சொன்னார்: "அந்தப் பெண்ணுக்கு இப்போது இருப்பது முழுமையாகக் குணமாக்கக்கூடியது. கெட்ட இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும். ஒரு வருடம் கழித்து வந்தால் இதே வார்த்தையை என்னால் சொல்ல முடியுமோ தெரியாது."

3. கன்டீனில்

ஆரோக்கியத்தைக் கன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பிளேன்டீ எடுத்தேன். டாக்டர் சொன்னதை அதே ஒழுங்கில் சொன்னேன். அவர் கோப்பையைத் தொடவில்லை.

நான் நிறுத்தியதும் அவர் தொடங்கினார். எண்பத்து மூன்று ஆடியில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தபோது அவர்கள் நாவலப்பிட்டி டவுனின் ஓரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். வீடு எரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் பிள்ளைகளோடு அவர்களைத் தங்கள் கூரைக்குக் கீழே மூன்று நாள் வைத்துக் காப்பாற்றியது. பிறகு லூர்தம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் மன்னாரில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். வேலையை விட முடியாது என்று இவர் மட்டும் ஷெட்டில் தங்கினார். நிலைமை சரியாகி அவள் திரும்பி வர இரண்டு வருடம் எடுத்தது.

"அந்த ரெண்டு வருசத்ததான் சார் நான் கணக்குப் பார்த்துக்கிட்டு இருக்கேன், கடுதாசி வந்ததுலருந்து."

"அண்ணை, நான் சொன்னது விளங்கினதோ? அது அவவிட்டயிருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். உங்களிட்டயிருந்து அவவுக்கும் வந்திருக்கலாம். சிலைட்டில அது தெரியாது."

அவர் ஆறிப்போன கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"ரெண்டு வருசம் நான் எப்பிடி இருந்தேன்னு அவ ஒரு நாளும் கேட்டதில்ல சார்," என்றார்.

எழுந்து நின்றபோது, "அவகிட்ட யாராச்சும் பொம்பளையா வந்து பேசினா நல்லது. நான் சொன்னா கேக்க மாட்டா," என்றார். கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனார்.

4. பிள்ளைக் காம்பரா

மாவட்டத்துக் கிளினிக்குகளுக்குப் பொறுப்பான நர்ஸாக சிஸ்டர் குசுமா என்று ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது, பருத்த உடம்பு, நடை மட்டும் வேகம். என்னை மல்லி, அதாவது தம்பி என்றுதான் கூப்பிடுவார். விசயத்தைக் கேட்டதும், "சரி, வியாழக்கிழமை போவோம். நீயும் வா மல்லி. எனக்குத் தமிழ் ஒரு நாலு சொல்தான் வரும்," என்றார்.

"நான் ஆம்பிளை, சிஸ்டர். இந்தக் கதையை எப்பிடி நான் அவவோட கதைக்கிறது?"

"எழுதும்போது ஆம்பிளை இல்லையா நீ?"

வியாழக்கிழமை ரயிலில் போனோம். நாவலப்பிட்டி ஸ்டேஷன் வாசலில் சோதனைச் சாவடி. இருபது வயது மதிக்கக்கூடிய ஒரு சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் படித்தான். யாழ்ப்பாணம் என்று கண்டதும் என்னை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பையைத் திறந்தான். உள்ளே கண்ணாடிச் சிலைட் பெட்டியும் ஒரு கட்டு மரக்குச்சியும் இருந்தன. போகிற வழியில் கிளினிக்கில் கொடுப்பதற்காக சிஸ்டர் எடுத்து வந்தவை.

"இது என்ன?"

சிஸ்டர் முன்னால் போய் நின்றார். "பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வராமல் பார்க்கும் சாமான். உன் அம்மாவுக்கு என்ன வயது மகன்?"

சிப்பாய் திகைத்துப் போனான். "நாற்பத்தி மூன்று."

"இந்த டெஸ்ட் செய்திருக்கிறாரா?"

"தெரியாது."

"எந்த ஊர்?"

அவன் மொனராகலைப் பக்கம் ஒரு ஊரைச் சொன்னான். சிஸ்டர் ஒரு துண்டுக் கடதாசியில் அந்தப் பகுதி ஆஸ்பத்திரியின் பெயரையும், எந்தக் கிளினிக்கைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதி அவன் கையில் கொடுத்தார். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அடையாள அட்டையை என்னிடம் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

பிள்ளைக் காம்பரா தோட்டத்து ரோட்டின் வளைவில் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. கூரை மரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. லூர்தம்மா ஒரு தொட்டிலை ஆட்டியபடி இன்னொரு குழந்தைக்குப் பால் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. எங்களைக் கண்டதும் எழுந்தார். சிஸ்டரின் வெள்ளை உடுப்பைப் பார்த்ததுமே விசயம் விளங்கிவிட்டது. முகம் இறுகியது.

நான் என்னை அறிமுகப்படுத்தினேன். கடிதம் எழுதியது நான் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சிஸ்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "சிஸ்டர் சொல்லுறா, இது உங்கட பிழை இல்லையாம்."

"பிழைன்னு யாருங்க சொன்னா? நீங்கதான எழுதுனீங்க," என்றார் லூர்தம்மா. குரலில் கோபம்கூட இல்லை. எல்லாம் முடிந்துபோனது மாதிரி ஒரு குரல்.

சிஸ்டர் என்னைப் பார்த்து, என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். சிஸ்டர் ஒரு தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, அழத் தொடங்கிய ஒரு குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

"மல்லி, அவளுக்குச் சொல்லு. நாலு வருசத்துக்கு முன்னால் என்னுடைய ஸ்மியரிலும் இந்த வைரஸ் இருந்தது."

அந்த ஸ்மியர் எங்கள் லாபுக்குத்தான் வந்திருக்க வேண்டும். பெயர் தெரியாமல், சிலைட்டின் எண்ணை மட்டும் பார்த்து நானே அதில் புள்ளி வைத்திருப்பேன்.

"மொழிபெயர் மல்லி."

மொழிபெயர்த்தேன். லூர்தம்மாவின் கை தொட்டிலில் நின்றது. சிஸ்டரை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"சிஸ்டரோட வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

சிஸ்டர் சிரித்தார். "முதலில் அவருக்கு நான் சொல்லவே இல்லை. நர்ஸ் வேலை பார்க்கிறேன், எல்லாம் தெரியும், ஆனாலும் இரண்டு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். பிறகு சொன்னேன். அடுத்த ஸ்மியரில் அது இல்லை. தானாகவே போய்விட்டது. உனக்கு அது போகாமல் தங்கிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். தங்கினதால் கொஞ்சம் வைத்தியம் தேவை."

லூர்தம்மா பால் புட்டியைக் கீழே வைத்தார். பிறகு கேள்வி ஒவ்வொன்றாக வந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களா? இல்லை, வாயில் கெட்ட இடத்தை மட்டும்தான். பிள்ளைகளைத் தூக்கினால் அவர்களுக்குத் தொற்றுமா? தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டால்? தொற்றாது. மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கலாமா? இதை மொழிபெயர்த்தபோது பௌத்தரான சிஸ்டருக்கு விளங்கவில்லை. நானே பதில் சொன்னேன்: "தாராளமா வாங்கலாம் அக்கா. இது பாவம் இல்லை. கிருமி."

கடைசியாகக் கேட்டார்: "அவரு உங்களப் பார்க்க வந்தாராமே. என்ன கேட்டாரு?"

மறைக்க நான் விரும்பவில்லை. "எந்த வருசம் வந்தது எண்டு கேட்டவர்."

"மன்னார்ல இருந்த வருசமான்னுதான் கேட்டிருப்பாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கும் தெரியாது, உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொன்னன்."

அவர் விலகிக் கிடந்த ஒரு தொட்டில் முடிச்சை இழுத்து இறுக்கினார். "எங்கண்ணன் வீட்ல பதினோரு பேரு. நானும் பிள்ளைங்களும் அடுப்படியில படுத்தோம்," என்றார். அது யாருக்குச் சொன்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "எந்தத் திகதி வரணும், சொல்லுங்க," என்று கேட்டார்.

5. பேராதெனியவிலிருந்து நடந்தவர்கள்

கொடுத்த திகதி வந்த வாரத்தில் கண்டி நகரத்தில் குண்டு வெடித்தது.

அந்த நாட்களைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: ரோடுகளை மூடினார்கள், மூலைக்கு மூலை சோதனை, தமிழ் ஆட்கள் வீட்டை விட்டு இறங்கவே பயந்தார்கள். போர்டிங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்கும் பதினைந்து நிமிடத்தில் என்னை மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். எங்கள் கிளினிக் வராந்தா காலியாகக் கிடந்தது. தோட்டத்துப் பெண்கள் ஒருவரும் வரவில்லை.

லூர்தம்மாவுக்குக் கொடுத்த நேரம் காலை ஒன்பது. ஒன்பது போய்ப் பத்தானது, பதினொன்றானது. நான் இரண்டு தடவை லாபிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை சிஸ்டர் என்னைத் துரத்திவிட்டார். பன்னிரண்டரைக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்கள் டாக்டர்," என்றார் சிஸ்டர்.

"இந்த நிலைமையில் அவர்கள் வருவார்களா சிஸ்டர்?"

"வருவேன் என்று சொன்னாள். அவள் சும்மா சொல்லுகிற ஆள் இல்லை."

டாக்டர் கதிரையில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அவர் அன்று போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் போகவில்லை.

ஒன்றேகாலுக்கு லூர்தம்மாவும் ஆரோக்கியமும் ஆஸ்பத்திரிக் கேற்றுக்குள் வந்தார்கள். இரண்டு பேருக்கும் முழங்கால் வரை புழுதி. ரயிலைப் பேராதெனியவில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். பஸ் இல்லை. நாலு மைல் வெயிலில் நடந்திருக்கிறார்கள். வழி நெடுகச் சோதனை. ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் ரோட்டோரத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஆரோக்கியத்தின் ரயில்வே அட்டையைப் பார்த்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள்.

சிஸ்டர் லூர்தம்மாவுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே கூட்டிப் போனார். கதவை மூடுமுன் லூர்தம்மா திரும்பிக் கணவரைப் பார்த்து, "சாப்பாட்டுப் பார்சல் பைக்குள்ள இருக்கு, சாப்பிடுங்க," என்றார். தன்னோடு பேச்சே இல்லை என்று அன்று கவுண்டரில் இவர் சொன்ன அதே பெண்.

நான் வராந்தாவில் இருந்த மர வாங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பையைத் திறக்கவில்லை.

"அவகிட்டச் சொல்லிட்டேன் சார்," என்றார்.

"என்னத்தை?"

"நான் எப்பிடி இருந்தேன்னு. அந்த ரெண்டு வருசம்."

என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

"எங்க வச்சுச் சொன்னீங்கள்?"

"பேராதெனிய தாண்டி கெட்டம்பைக்கிட்ட நடந்து வாறப்போ. அதுக்கப்புறம் ரொம்ப தூரம் பேசாமலே வந்தா. நான் பின்னாடியே வந்தேன். பிறகு நின்னு, தண்ணி இருக்கான்னு கேட்டா. போத்தலக் குடுத்தேன். குடிச்சிட்டு மிச்சத்த என்கிட்ட நீட்டினா." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "எந்த வருசம்னு நான் கேட்டிருக்கவே கூடாது சார்," என்றார்.

உள்ளே வேலை அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. மரத்துப் போக ஊசி போட்டு, மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பி வளையத்தால் கெட்ட இடத்தை மட்டும் சீவி எடுத்தார்கள். அந்தத் துண்டு, கெடாமல் வைக்கும் போமலின் மருந்துப் போத்தலில் எங்கள் லாபுக்குத்தான் வந்தது. நாலாவது நாள் பெரிய டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தன் மைக்ரோஸ்கோப்பிலிருந்து எழுந்து, "நீரே பாரும்," என்றார்.

நடுவில் கெட்ட செல்கள் கூட்டமாக இருந்தன. ஆழத்துக்கு இறங்கவில்லை. சுற்றிலும், வெட்டின ஓரம் முழுவதும், நல்ல செல்கள். ஒரு இடம் விடாமல் சுற்றிப் பார்த்தேன். கண்ணில் நீர் கட்டியதால் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது.

"சுத்தமாக இருக்கிறது," என்றேன்.

"ஆம். இதை யார் போய்ச் சொல்வது?" என்று கேட்டார்.

"சிஸ்டர், நேரில். நான் கூடப் போறன்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த சிலைட்டை எடுத்தார்.

6. ஒன்றுமில்லை என்று எழுதுவது

அதற்குப் பிறகு தமிழ்க் கடிதத்தை மாற்றினோம். நான் எழுதிய முதல் மாதிரியை சிஸ்டர் லூர்தம்மாவிடம் கொடுத்துக் கேட்டார். லூர்தம்மா அதைப் படித்துவிட்டுப் பாதியை வெட்டச் சொன்னார். "யார் கையில கிடைச்சாலும் ஒண்ணும் விளங்கக் கூடாதுங்க. வரவேண்டியவளுக்கு வரணும்னு மட்டும் விளங்கினாப் போதும்." கடைசியில் மிஞ்சியது நாலே வரி. இன்ன திகதியில் கிளினிக்குக்கு வரவும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தவறாமல் வரவும், தமிழில் பேச ஆள் இருக்கும். மற்றதெல்லாம் வாயால், கதவை மூடிக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் மட்டும். புருசனுக்குச் சொல்வதா, எப்போது சொல்வது என்பது அவள் விருப்பம். ஒட்டாத கடிதம் அனுப்புவதையும் நிறுத்தினோம்.

அடுத்த வருடம் அந்த ஒரு தோட்டத்திலிருந்து மட்டும் ஒரு தட்டு நிறைய சிலைட் வந்தது. பெரிய டாக்டரே வெளியே வந்து, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். நாவலப்பிட்டிக் கிளினிக்குக்குப் போன ஒரு நாள் நான் அதைப் பார்த்தேன். வாங்கில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடுவில் லூர்தம்மா. ஒரு இளம் பெண் பயந்த முகத்தோடு, "அக்கா, இது கெட்ட நோயா?" என்று கேட்டாள்.

"நோயே இல்ல புள்ள," என்றார் லூர்தம்மா. "நோயாகாமப் பார்க்குற வேலை. என் வீட்டுக்காரருக்கும் இருந்திருக்கும், உன் வீட்டுக்காரனுக்கும் இருந்திருக்கும். அவங்க உடம்புல அது ஒண்ணும் செய்யாமப் போயிருக்கும். நம்ம உடம்புல சில பேருக்குத் தங்கிருது. அதனால நம்ம வந்து காட்டிக்கணும். அவ்வளவுதான்."

ஆறு வருடம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை. ஆண்களிலும் சிலருக்கு இது பின்னாளில் கேடு செய்வதுண்டு, மிகச் சிலருக்கு. அதைப் பிறகு ஒரு நாள் அவரிடம் சொன்னேன். "அப்ப அதையும் சேர்த்துச் சொல்றேன்," என்றார்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பெண்பிள்ளைகளுக்கு இந்த வைரஸுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். வைரஸையே நேராகக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டும் வந்துவிட்டது. ஊசி போட்டாலும் வயது வந்ததும் கிளினிக்குக்கு வரத்தான் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. மெஷின்கள் என்னைவிட வேகமாகப் பார்க்கும். ஆனால் முடிவு வந்த பிறகு யாரோ ஒருவர் இன்னொருவரிடம் வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும். சொல்வதற்கு முன், உங்கள் மனதின் மூலையில் நீங்கள் அந்த மனுசியைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். எனக்கு அது விளங்க ஒரு குடும்பம் மூன்று வாரம் பேசாமல் இருக்க வேண்டியிருந்தது.

லூர்தம்மா ஒவ்வொரு வருடமும் தவறாமல் வந்தார். பெயரை மறைத்து எண்ணை மட்டும் பார்ப்பதுதான் எங்கள் முறை. ஆனாலும் அந்தத் தோட்டத்துத் தட்டு வரும் நாளில், பார்த்து முடித்த பிறகு, பதிவுப் புத்தகத்தில் அவருடைய எண் எது என்று தேடிப் பார்ப்பேன். முறை தவறுதான். ஓய்வுபெற்ற பிறகு சொல்வதில் வெட்கமில்லை. எண்ணைக் கண்டுபிடித்ததும் அந்தச் சிலைட்டைத் திரும்ப எடுத்து வைத்து, அவசரமில்லாமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை இன்னொருமுறை பார்ப்பேன். நீலமும் இளஞ்சிவப்புமாக, வயதுக்கேற்ற, ஒழுங்கான செல்கள். புள்ளி வைக்க ஓர் இடமும் இருக்காது. எங்கள் தொழிலில் அதைவிடச் சுகமான வேலை எனக்கு வேறு கிடைத்ததில்லை.